உப்பங்கரைப் பூனையும் அதன் குடற்புழுக்களும்
(மரக்காணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பூமீஸ்வரர் கோயிலையும் அதன் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களையும் பற்றியோ, ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கிக் கரையோரமாகவே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து உங்கள் ஊரில் முடிகின்ற பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றியோ, 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியைப் பற்றியோ பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, பூனையின் வயிற்றுப் புழுவைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நினைப்பதில் தவறில்லை. ஆயினும், இந்த அற்ப விஷயத்தின் சரித்திரத்தில் பெரிய சாஸ்திர வாதம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, நீங்கள் நாள்தோறும் வாரி அம்பாரமாகக் குவிக்கும் உப்புக்கும் இந்தப் புழுக்களுக்கும் வேறெங்கும் நினைத்துப் பார்க்காத ஓர் உறவும் ஒரு பகையும் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பொருளை இந்த ஊருக்கென்றே தேர்ந்துகொண்டேன்.

கூனிமேட்டிலும் எக்கியார்குப்பத்திலும் அனுமந்தையிலும் பூனை என்பது பட்டணத்துச் சீமாட்டியின் மடியில் உறங்கும் செல்லப் பிராணி அன்று. மீன் நாற்றம் படிந்த வலையை எலி கடித்துக் குதறிவிடாமல் காப்பதற்காக வீட்டோடு விட்டுவைக்கப்பட்ட காவற்காரன் அது. சம்பளம் மீன் தலையும் செவுளும். மிச்சத்தை அதுவே வேட்டையாடித் தேடிக்கொள்ள வேண்டும். அத்தகைய பூனை ஒன்று நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது, அல்லது அதன் குட்டிகள் வயிறு மட்டும் உப்பி, கால்கள் சூம்பி, மயிர் பொலிவிழந்து நிற்கின்றன, அல்லது வாந்தியில் நீண்ட வெண்புழு ஒன்று நெளிகிறது. உடனே காரணம் சொல்லப்படுகிறது: அழுகின மீனைத் தின்றது, கருவாட்டைத் தின்றது, பாலை அதிகமாகக் குடித்தது. ஆகாரம் கெட்டால் அதிலிருந்தே புழு உண்டாகிறது என்பது இந்த விளக்கங்கள் அனைத்துக்கும் அடியில் இருக்கும் எண்ணம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே: எந்தப் புழுவும் பூனையின் வயிற்றில் தானாக உண்டாவதில்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழியை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வருகிறது, அந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தை மட்டும் புகட்டிக்கொண்டிருப்பது வீண்.

புழு தானாக உண்டாகிறது என்ற எண்ணத்தை வைத்துப் பாமரரைப் பரிகசிக்க எவருக்கும் உரிமையில்லை. ஐரோப்பாவின் மகா பண்டிதர்களே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அப்படித்தான் நம்பினார்கள். இறைச்சியில் நெளியும் புழு ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-இல் பரீட்சை செய்து காட்டிய இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடி, பல பிராணிகளை அறுத்து அவற்றின் உட்புழுக்களைக் கண்டு 1684-இல் தனி நூலே எழுதியவர். அவரே கூடக் குடற்புழு என்று வரும்போது, அது பிராணியின் உயிர்ச்சக்தியிலிருந்து பிறக்கலாம் என்ற பழைய கருத்தை முற்றும் கைவிடவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களில், புழுக்களை வகைப்படுத்துவதிலேயே ஆயுளைச் செலவிட்ட ருடால்பியும், வியன்னாவின் பிரெம்சரும் இன்னும் உறுதியாகவே, உடலுக்குள் தாமாக உண்டாகும் சிருஷ்டிகள் இவை என்றார்கள். அவர்களுடைய நியாயமும் லேசானதன்று: பூனையின் குடலில் இருக்கும் நாடாப்புழுவை நிலத்திலோ நீரிலோ எவரும் எக்காலத்தும் கண்டதில்லை; அப்படியிருக்க அது வெளியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்விக்கு விடை எலியின் ஈரலில் இருந்தது. எலியை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில எலிகளின் ஈரலில் அரை சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ விட்டமுள்ள வெண்ணிறக் கட்டிகள் பதிந்திருக்கும். கட்டியைக் கீறினால் உள்ளே சுருண்டு கிடப்பது ஒரு புழு. தலையில் கொக்கிகளும் உறிஞ்சிகளும் உண்டு, உடல் கணுக்கணுவாகப் பிரிந்திருக்கும், நுனியில் நீர் நிறைந்த ஒரு சிறு பை. ஜெர்மானியரான சீபோல்ட், இதன் தலையும் பூனையின் குடலில் வாழும் நாடாப்புழுவின் தலையும் அச்சு அசலாக ஒன்றாயிருப்பதைக் கண்டார். அவர் கண்டது சரி, முடிவு செய்ததுதான் பிழை: பூனைக்குள் போகவேண்டிய புழு வழிதவறி எலிக்குள் புகுந்துவிட்டது, அங்கே அதற்கு நீர்க்கோவை கண்டுவிட்டது என்று அவர் விளக்கம் கூறினார். வழிதவறியது புழுவன்று, விளக்கமே என்று காட்டியவர் சாக்சனி நாட்டுச் சிறு நகரமான சிட்டாவில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பிரெடரிக் குஷென்மைஸ்டர். 1851-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் முயலின் உடலிலிருந்த நீர்ப்பைப் புழுக்களை நரிகளுக்கும் நாய்களுக்கும், எலியின் ஈரற்கட்டிகளைப் பூனைகளுக்கும் தின்னக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து அறுத்துப் பார்த்தபோது, குடலில் வளர்ந்த நாடாப்புழுக்கள் இருக்கக் கண்டார். சிறிது காலத்துக்குள் லாய்க்கார்ட் என்ற பேராசிரியர் மறுபாதியையும் நிறைவேற்றினார்: பூனையின் நாடாப்புழு முட்டைகளை எலிக்குக் கொடுத்து, அதன் ஈரலில் அதே கட்டிகளை உண்டாக்கிக் காட்டினார். பூனை மலத்திலிருந்து எலிக்கு, எலியின் ஈரலிலிருந்து பூனைக்கு என்று வட்டம் பூர்த்தியாயிற்று. தானாகத் தோன்றும் ஜீவன் என்ற கொள்கை உட்புழுக்களின் விஷயத்தில் நிலைகுலைந்தது இந்தச் சோதனைகளால்தான். அதில் உங்கள் வீட்டுப் பூனையின் மூதாதைக்கும் ஒரு பங்குண்டு என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிறிது சிரிப்பு வரும்.

இந்த வட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. பூனை தானே தன் நாடாப்புழுவின் முட்டையைத் தின்றாலும் அதற்கு நாடாப்புழு வராது. இடையில் எலி வேண்டும்; எலியின் ஈரலில் ஏறத்தாழ இரண்டு மாதம் அந்தப் புழு முதிர வேண்டும்; அந்த எலியைப் பூனை பிடித்துத் தின்ன வேண்டும். தின்ற பிறகும் ஐந்தாறு வாரமாவது கழிந்தே கணுக்கள் மலத்தில் வெளிவரத் தொடங்கும். ஆகவே, ‘நேற்றுத் தின்ற மீன்தான் காரணம்’ என்று இன்று புழுவைப் பார்த்துச் சொல்வது காலக் கணக்குக்கே ஒவ்வாது. எலி பிடிக்கும் பூனை எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவுக்கு அதன் குடலில் நாடாப்புழு சேரும். வலையைக் காக்கும் உங்கள் காவற்காரனுக்கு வேலையிலேயே வரும் வியாதி இது. எலி வேட்டையை நிறுத்தச் சொல்ல முடியாது, ஆகையால் மருந்தை ஒரு தடவை கொடுத்து முடித்துவிட்டதாகவும் எண்ண முடியாது.

வேட்டைக்கே போகாமல் திண்ணையில் படுத்திருக்கும் சோம்பேறிப் பூனைக்கும் நாடாப்புழு வருகிறதே என்று கேட்கலாம். அது வேறு ஜாதிப் புழு, அதன் வழியும் வேறு. பூனையின் வாலடி மயிரிலும் அது படுக்கும் சாக்கிலும் வெள்ளரி விதையை ஒத்த சிறு துண்டுகள் ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்தவை மெல்ல நகரவும் செய்யும். அவை அந்தப் புழுவின் கணுக்கள், ஒவ்வொன்றும் முட்டைகள் நிறைந்த பை. இந்த முட்டையைத் தின்பது தெள்ளுப்பூச்சியின் குஞ்சு. வளர்ந்த தெள்ளு இரத்தத்தை மட்டுமே உறிஞ்சும், ஆனால் அதன் குஞ்சுக்குக் கடித்து மெல்லும் வாயுண்டு. சாக்கின் மடிப்பிலும் தரையின் பிளவிலும் கிடக்கும் குப்பையைத் தின்று வளர்வது அது. அப்படித் தின்னப்பட்ட முட்டை, தெள்ளு வளர்ந்து உருமாறும்போது அதற்குள்ளேயே தானும் வளர்ந்து காத்திருக்கும். பூனை ஓயாமல் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் இயல்புடையதாதலால், கடிக்கும் தெள்ளை நாவாலும் பல்லாலும் பிடித்து விழுங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புதுப்புழு. தெள்ளு இந்த இடைத்தரகு வேலையைச் செய்கிறது என்பதை 1889-இல் இத்தாலியர்களான கிராஸ்ஸியும் ரொவெல்லியும் நிலைநாட்டினார்கள். ஆதலால் இந்தப் புழுவுக்கு மருந்து பாதி பூனையின் வாயிலும் பாதி அதன் படுக்கையிலும் இருக்கிறது. சாக்கை வாரமொருமுறை வெயிலில் உலர்த்துவதற்கு உங்களுக்குப் பஞ்சமில்லாத பொருள் வெயில்தானே!

இனி உருளைப்புழு. குட்டிகளின் வயிறு உப்பியிருப்பதற்கும், வாந்தியில் விரல் நீளத்துக்கு வெண்புழு வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மற்ற வழிகளையெல்லாம்விட இதன் வழி நம் மனத்தை அதிகம் தொடுவது. ஏனென்றால் இது தாய்ப்பாலின் வழியாகவும் வருகிறது.

பெண்புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டையிடும். புதிதாக மலத்தில் வந்த முட்டை உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் உள்ளே புழுக்குஞ்சு உருவாகிறது, அதன் பிறகு மண்ணில் மாதக்கணக்காக, தக்க இடம் வாய்த்தால் வருடக்கணக்காகவும் காத்திருக்கும். பூனையின் காலில் ஒட்டிய மண் நாவுக்குப் போகிறது, முட்டை வயிற்றில் பொரிகிறது. பொரிந்த குஞ்சு குடலோடு நின்றுவிடாமல், குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தோடு ஈரலுக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் சென்று, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. எதற்காக இவ்வளவு தேச சஞ்சாரம், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவா என்று கேட்கத் தோன்றும். பிரகிருதி நம்மைக் கேட்டு எதையும் செய்வதில்லை. எலி, கோழி, கரப்பான், மண்புழு ஆகியவை இம்முட்டையைத் தின்றாலும் குஞ்சு அவற்றின் உடம்பில் வளராமல் உறங்கிக் கிடக்கும். அந்த எலியைப் பூனை தின்றால் பூனையின் வயிற்றில் விழித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஸ்பிரென்ட் என்ற விஞ்ஞானி 1956-இல் இந்த வாழ்க்கைக் கதை முழுவதையும் பூனைகளில் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார்.

தாய்ப்பாலின் பங்கு 1971-இல்தான் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. நாயின் உருளைப்புழு கர்ப்பத்திலேயே குட்டியைச் சென்றடைகிறது. பூனையில் அப்படி நிகழ்வதில்லை, குட்டி சுத்தமாகவே பிறக்கிறது. ஆனால் தாய்ப்பூனை சினையின் பிற்காலத்திலோ பால் கொடுக்கும் நாட்களிலோ மண்ணிலிருந்தோ எலியிலிருந்தோ புதிதாகத் தொற்றைப் பெற்றால், அதன் உடலில் உலவும் புழுக்குஞ்சுகளில் ஒரு பகுதி மடியை அடைந்து பாலோடு குட்டியின் வாய்க்குப் போகிறது. சினையாயிருக்கும் பூனைக்குப் பசி மிகுதி, அதனால் எலி வேட்டையும் மிகுதி. குட்டி ஈன்ற பின்னும் அப்படியே. ஆக, எந்தக் காலத்தில் தாய் அதிகமாகத் தின்ன வேண்டியிருக்கிறதோ அந்தக் காலத்திலேயே இந்த வழி திறந்திருக்கிறது. ‘பால் குடித்ததால் புழு வந்தது’ என்று நம் பாட்டிமார் சொன்னதில் இந்த ஓரளவு உண்மை உண்டு. அவர்கள் குறை கூறியது மாட்டுப்பாலை, குற்றமோ தாய்ப்பூனையின் பாலில் இருந்தது.

உப்பு இந்த உருளைப்புழு முட்டையைக் கொல்லாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆராய்ச்சிச் சாலைகளில் இம்முட்டைகளை, பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினை நீரில் கலந்து, அந்தக் கரைசலில் போட்டுவைப்பதே வழக்கம். அச்சோ, செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். அதற்குள்ளேயே குஞ்சு உருவாகி உயிரோடிருக்கும்! அவ்வளவு கெட்டியான ஓடு. அதற்கு முன் உப்பங்காற்று எம்மாத்திரம்? அதை ஒடுக்குவது நன்கு காய்ந்த நிலமும் நேரடியான வெயிலுமே. மாசி முதல் ஆனி வரையில் திறந்த அளத்தில் அது நிற்காது. ஆனால் பூனை அளத்தின் நடுவே மலங்கழிப்பதில்லையே! கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில், தென்னை மரத்தடியில், வீடு கட்டக் கொட்டிவைத்த மணற்குவியலில் தோண்டிப் புதைக்கிறது. பூனையின் சுசிகர குணத்தை எல்லோரும் மெச்சுகிறோம். அந்தக் குணமே முட்டையை வெயிலிலிருந்து காப்பாற்றி வைக்கிறது.

உப்பின் கை ஓங்குவது கொக்கிப்புழுவின் விஷயத்தில்தான். இது அளவில் சிறியது, ஒரு சென்டிமீட்டர் நீளம். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இதன் முட்டை ஈரமண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய குஞ்சாகிறது. ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும் உருளைப்புழுக் குஞ்சைப் போலன்றி, இது வெறும் உடம்போடு ஈரமணலில் உலவ வேண்டிய ஜந்து. அது வாய்வழியாகப் புகலாம்; தோலைத் துளைத்தும் புகலாம். இரண்டாவது வழியை உலகுக்கு அறிவித்தவர் கெய்ரோவிலிருந்த ஜெர்மானியர் ஆர்தர் லூஸ். மனிதக் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் நிறைந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. அவ்விடம் எரிந்து சிவந்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தோன்றின. 1898-இல் அவர் இதை வெளியிட்டபோது நம்பியவர்கள் சிலரே.

உப்புக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள பகை வெளிப்பட்டது வேறோரிடத்தில். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் வெட்டும் சுரங்கங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிலாளர் இரத்தமின்றி வெளுத்துச் சோர்ந்து விழலானார்கள். 1902-இல் ஹால்டேன் என்ற உடலியங்கியல் நிபுணர் விசாரித்து, அங்குள்ள டால்கோத் சுரங்கத்து நோய்க்குக் காரணம் கொக்கிப்புழுவே என்று கண்டார். பாய்காட் என்ற மருத்துவர் அவருடன் சேர்ந்து உழைத்தார். வெப்பமும் ஈரமும் உள்ள சுரங்கத்தில் புழு பெருகுவது ஆச்சரியமில்லை. ஆச்சரியம் எதுவெனில், கடலுக்கடியிலேயே நீண்டு சென்ற லெவன்ட் என்ற சுரங்கத்தில், வெப்பமும் ஈரமும் இருந்தும், நோய் இல்லை. அங்கே கசிந்த நீர் கடல்நீர். அந்த உப்பில் புழுக்குஞ்சு பிழைக்கவில்லை. கடலடியில் வெட்டிய அந்தத் தொழிலாளிகளை அவர்கள் அறியாமலே காத்தது நீங்கள் விளைவிக்கும் அதே பொருள்.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் மரக்காணத்துப் பூனைக்குக் கொக்கிப்புழுவே வராது என்று நினைத்துவிடக் கூடாது. உப்புநீரின் செறிவை டிகிரியால் அளந்து பார்த்துப் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி, 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு பூக்க விடுகிறீர்களே, அந்தப் பாத்தியிலும் அதன் வரப்பிலும் அது வாழாதென்பது மெய். ஆனால் உப்பளம் ஊரன்று. குப்பத்து வீடுகளின் பின்புறத்திலும், அலை எட்டாத மேட்டு மணலிலும், குளிக்கும் இடத்து ஈரத்திலும் உள்ளது நல்ல நீரின் ஈரம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி அளத்தில் வேலை நிற்கும்போது, வெள்ளம் உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழை எப்படி இருந்ததென்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். மழைக்குப் பிந்திய அந்த வாரங்களே கொக்கிப்புழுவின் காலம். உப்பு உங்களுக்கு எட்டு மாதக் காவல் தருகிறது. மற்ற நான்கு மாதம் நீங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

பூனையின் கொக்கிப்புழு பூனையோடு நில்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லூஸ் 1911-இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து புதிய கொக்கிப்புழு ஒன்றை வருணித்து, இலங்கையின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டார். இரண்டே வருஷத்தில், 1913-இல், வங்காளத்தில் கிளேட்டன் லேன் என்ற மருத்துவர் அதையே மனிதரின் குடலில் கண்டார். நெடுங்காலம் அதை அபூர்வம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் அது மனிதரிடம் இருப்பதை மீண்டும் எடுத்துக்காட்டிய பிறகு, அந்த அலட்சியத்துக்கு இடமில்லை. இன்னொரு வகைக் கொக்கிப்புழு மனிதனின் குடலுக்குச் செல்லாமல் தோலுக்கடியிலேயே வழிதெரியாமல் ஊர்ந்து, சிவந்த கோடுகளை இழுத்துப் பெருநமைச்சலை உண்டாக்கும். அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையில் 1920-களில் இந்தத் தோல்நோயை ஆராய்ந்தவர்கள், பூனையும் நாயும் மலங்கழித்த ஈரமணலே அதற்கு மூலம் என்று நிரூபித்தார்கள். அலை வந்து நனைக்கும் மணலில் செருப்பின்றி நடக்க அஞ்ச வேண்டியதில்லை. அலைக்கு மேலே, நிழலில் ஈரம் காயாதிருக்கும் மணலில் வெறுங்காலோடு உட்கார்ந்து வலை பின்னுபவர்களே எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

புழுவைக் கொல்வது ஒருபுறமிருக்க, அதைக் காட்டிக்கொடுப்பதிலும் உப்புக்கு ஈடில்லை. 1921-இல் வில்லிஸ் என்பவர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் விவரித்த முறை இன்றும் சென்னை வேப்பேரியில் 1903-இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி முதல் சிற்றூர் மருந்தகம் வரை நடக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்பைக் கரைத்தால் நீர் இனிமேல் உப்பை ஏற்காது. அந்தக் கரைசலில் சிறிது மலத்தைக் கலக்கி, சிறு பாத்திரத்தின் விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடித் தகடு ஒன்றைப் படும்படி வைத்துச் சிறிது நேரம் விட்டால், கனமான உப்புநீரில் இலேசான முட்டைகள் மிதந்து வந்து தகட்டில் ஒட்டும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் எல்லாம் பிரத்தியட்சம். ஆனால் நாடாப்புழுவின் முட்டை இந்தக் கரைசலையும்விடக் கனமானது, மிதப்பதில்லை. பெரும்பாலும் கணுவுக்குள்ளேயே அடைபட்டும் வருகிறது. ‘மலம் பார்த்தாயிற்று, புழு இல்லை’ என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பூனையின் வாலடியில் வெள்ளைத் துண்டுகள் ஊர்வதைக் கண்டு குழம்புபவர்கள் உண்டு. அங்கே உங்கள் கண்ணை நம்புங்கள்.

மீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். நான் இதுவரை சொன்ன புழுக்களில் எதுவும் கடல்மீனால் வருவதன்று. உப்பங்கழி மீனால் வரும் நுண்ணிய தட்டைப்புழுக்கள் சில இருக்கின்றன. எகிப்தின் மன்சாலா ஏரியைச் சுற்றிலும் பச்சை மடவை தின்னும் பூனை, நாய், மனிதர் மூவருக்கும் அவை பழக்கமானவை. நத்தையிலிருந்து மடவைக்கும் மடவையிலிருந்து பூனைக்கும் போகும் அந்த வழி உவர்நீர் உள்ள இடங்களில் திறந்திருக்கக்கூடும் என்பதால், கழியில் பிடித்த மீனின் தலையையும் குடலையும் பூனைக்குப் போடும்போது ஒரு கொதி கொதிக்கவிட்டுப் போடுங்கள். கருவாட்டின் மேல் சுமத்திய பழியை மட்டும் விலக்கிவிடுகிறேன். உப்பு மிகுதியால் அதைப் பூனைக்குக் கொடுக்கலாகாதே தவிர, புழுவுக்காக அன்று.

புழு நோய்க்குச் சிகிச்சை கூறும் சரக சம்ஹிதை, விமானஸ்தானம் என்னும் பகுதியில், மூன்று படிகளை வகுக்கிறது: இருக்கும் புழுவை அகற்றுதல், அது தழைக்கும் இயல்பைக் கெடுத்தல், வந்த காரணத்தைத் தவிர்த்தல். நாம் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். இன்று பைரன்டெல் என்ற மருந்து உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும், பிராசிகுவான்டெல் என்ற மருந்து நாடாப்புழுவையும் ஒரே வேளையில் வெளியேற்றுகின்றன. ஆனால் இரண்டும் அன்றைக்கு உள்ளே இருக்கும் புழுவை மட்டுமே கொல்லும், நாளை தின்னப்போகும் எலிக்கும் விழுங்கப்போகும் தெள்ளுக்கும் அவற்றால் ஆவதொன்றுமில்லை. குட்டிக்கு மூன்று வார வயதில் முதல் மருந்து, பிறகு பால் மறக்கும் வரையில் இரண்டு வாரத்துக்கொரு முறை. அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிக்குக் கொடுத்துத் தாயை விட்டுவிடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டு வைத்தியமாகப் பூண்டு அரைத்துப் புகட்டாதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனையின் மேல் தெளிக்காதீர்கள். அது பூனைக்கு நஞ்சு, துடித்துச் சாகும்.

தாய்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பூனையின் உருளைப்புழு முட்டை மண்ணோடு குழந்தையின் வாய்க்குள் போனால், குஞ்சு குடலில் வளராமல் ஈரலிலும் நுரையீரலிலும், அரிதாகக் கண்ணிலும் அலையும். அமெரிக்காவின் பீவர் என்பவர் 1952-இல் தம் சகாக்களுடன் விவரித்த இந்த நோய், மண்ணில் விளையாடும் சிறு குழந்தைகளின் நோய். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டாம். விரட்டினால் எலி பெருகும், வலை போகும். வீடு கட்டவும் பள்ளியில் கட்டட வேலைக்கும் கொட்டும் மணலை இரவில் தார்ப்பாயால் மூடிவையுங்கள். விளையாடி வரும் பிள்ளை சோற்றில் கைவைக்குமுன் சோப்புப் போட்டுக் கைகழுவச் செய்யுங்கள். இந்த வருஷம் மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, குட்டி ஈன்ற பூனைகளையும் சினைப்பூனைகளையும் ஒரு கூடையிலிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று மருந்து கேளுங்கள்.